ஒரு பாலிமர் சங்கிலி, ஐந்து சிமுலேஷன் முறைகள்: எதை எடுப்பது?

டிசம்பர் பிறந்ததும் எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் மாணவர்களிடமிருந்து ஒரே கேள்வி பல வேஷங்களில் வந்து நிற்கும். பாலிமர் சங்கிலியின் நிலைமாற்றத்தை, அதாவது வெப்பநிலை மாறும்போது அந்த நீண்ட மூலக்கூறு விரிந்த சுருளிலிருந்து இறுகிய உருண்டையாவது போன்றவற்றை, கணினியில் பார்க்கச் சொல்லியிருக்கிறார் கைடு. லாம்ப்ஸ் என்கிற மென்பொருள் போதுமா, தற்செயல் அசைவுகளால் உருவங்களைத் தேடும் மான்டி கார்லோவை நாமே எழுதவேண்டுமா, டிபிடி என்று ஏதோ சொல்கிறார்களே, அது சுலபமா? கிண்டி, அடையாறு, தரமணி என்று பக்கத்துப் பக்கத்தில் இத்தனை ஆய்வுக்கூடங்கள் உள்ள ஊர் இது. ஒவ்வொன்றிலும் கைப்பழக்கமான ஒரு முறை இருக்கும். சீனியர் எதை ஓட்டினாரோ அதையே ஜூனியரும் ஓட்டுவார். கேள்விக்கும் முறைக்கும் பொருத்தம் பார்ப்பது கடைசியில்தான், பெரும்பாலும் வைவாவில், அதுவும் வெளித்தேர்வாளர் வாயால்.

ஐந்து முறைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: வலைப்பின்னலில் மான்டி கார்லோ, திறந்த வெளியில் வாங்–லாண்டாவ் மான்டி கார்லோ, மணிச் சங்கிலி மூலக்கூறு இயக்கவியல், மிருதுவான துகள்களை ஓட்டும் டிபிடி, தன்னிசைவுப் புலக் கோட்பாடு. (மணி என்பது சங்கிலியின் ஒரு அலகைக் குறிக்கும் கோளம்.) என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் கேள்வியில் நேரம் என்பதே இல்லையென்றால், நேரத்துக்காகக் கணினிச் செலவு செய்யாதீர்கள். நான் பார்க்கும் புராஜெக்ட்களில் பாதிக்கு மேல் சிக்கிக்கொள்வது இந்த ஒரு இடத்தில்தான்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் அந்த நேரம்தான். "எந்த வெப்பநிலையில் சுருள் உருண்டையாகிறது?" என்பது சமநிலைக் கேள்வி. "உருண்டையாக எவ்வளவு நேரம் ஆகும், எந்த வழியாகப் போகும்?" என்பது இயக்கக் கேள்வி. முதல் கேள்விக்குச் சங்கிலி எப்படி நகர்ந்தது என்பது முக்கியமே இல்லை. இயற்கையில் நடக்கவே நடக்காத அசைவுகளைக்கூடப் புகுத்தலாம். நிகழ்தகவுக் கணக்கு சரியாக இருந்தால் போதும். இரண்டாவதற்கு அந்தச் சலுகை கிடையாது.

இரண்டாவது, எந்த நிலைமாற்றம்? நல்ல கரைப்பானில் ஒரு சங்கிலி விரிந்த சுருளாகக் கிடக்கும். அதன் பருமன் மணிகளின் எண்ணிக்கையின் 0.588ஆம் அடுக்காக வளரும். ஃப்ளோரி தன் எளிய கணக்கில் இதை 0.6 என்று போட்டார். அவ்வளவு சுலபமான வாதத்துக்கு இவ்வளவு நெருக்கமான விடை வந்தது இன்றும் ஆச்சரியம்தான். மணிகளின் விலக்கமும் ஈர்ப்பும் சரிசமமாகும் தீட்டா வெப்பநிலையில் அடுக்கு 0.5. இன்னும் குளிர்த்தால் சங்கிலி உருண்டையாகச் சரியும். அடுக்கு மூன்றில் ஒன்று. அதற்கும் கீழே மணிகள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு உறையும். இதெல்லாம் ஒற்றைச் சங்கிலியின் கதை. சங்கிலிகள் கூட்டமாக இருந்தால் இரண்டு வகை பாலிமர் பிரிவது, இரண்டு வகை மணித் தொடர்களை இணைத்த பிளாக் கோபாலிமர் அடுக்கடுக்காக அமைவது என்று வேறு கதைகள் உண்டு. சுருள் சரிவதைப் பார்க்க உகந்த முறை உறைவதைப் பார்க்க உதவாமல் போகலாம்.

மூன்றாவது, சரிபார்க்க ஒரு எண் இருக்கிறதா? புரோகிராம் ஓடிவிட்டது, படம் வந்துவிட்டது என்பதால் விடை சரியாகிவிடாது. ஏற்கெனவே உறுதியாகத் தெரிந்த ஒரு எண்ணைத் திருப்பி எடுத்துக் காட்ட முடியவேண்டும். இதற்கு அப்புறம்தான் கையிலிருக்கும் கணினி, மிச்சமிருக்கும் மாதங்கள், புரோகிராம் எழுதும் கை எல்லாம்.

## வலைப்பின்னலில் மான்டி கார்லோ

சங்கிலியை ஒரு கனசதுர வலையின் புள்ளிகளில் நடக்கவிடுவது. ஒரு புள்ளியில் ஒரு மணிதான். பக்கத்துப் புள்ளிகளில் இரண்டு மணிகள் வந்தால் ஒரு ஈர்ப்பு ஆற்றல். இவ்வளவு எளிய மாதிரியிலேயே சுருள்–உருண்டை மாற்றம் முழுதாக வந்துவிடும்.

இதன் பெரிய பலம் சரிபார்ப்பு. தன்னைத் தான் வெட்டாத நடைகள் கனசதுர வலையில் ஒரு அடிக்கு 6, இரண்டு அடிக்கு 30, மூன்றுக்கு 150, நான்குக்கு 726, ஐந்துக்கு 3534. உங்கள் புரோகிராம் இந்த எண்களைக் கொடுக்காவிட்டால் மேலே போகவேண்டாம். அடுத்த படிக்கும் எண் உண்டு: அந்த ஈர்ப்பு ஆற்றலை 1 என்று வைத்தால் முடிவிலா நீளச் சங்கிலியின் தீட்டா வெப்பநிலை சுமார் 3.717. பீட்டர் கிராஸ்பெர்கர் 1997இல் பெர்ம் என்ற முறையில், பத்து லட்சம் மணிகள் வரை உள்ள சங்கிலிகளை வளர்த்து இதைக் கணக்கிட்டார். சங்கிலியை நுனியில் ஒவ்வொரு மணியாக வளர்த்து, தேறாத கிளைகளை வெட்டி, தேறும் கிளைகளைப் படியெடுத்துப் பெருக்கும் முறை அது. ரோசன்புளூத் தம்பதி 1955இல் தொடங்கி வைத்ததன் நீட்சி. நூற்றுச் சொச்சம் வரிகளில் எழுதிவிடலாம். சாதாரண லேப்டாப் போதும்.

கலவைகளுக்கு இதே குடும்பத்தில் இன்னொரு நல்ல மாதிரி உண்டு. பிணைப்பு அலைவு மாதிரி என்பார்கள். 1988இல் கார்மெசின், கிரெமர் இருவரும் கொண்டுவந்தது. முப்பரிமாணத்தில் ஒரு மணி எட்டு வலைப்புள்ளிகளைப் பிடித்துக்கொள்ளும், ஒரு பிணைப்புக்கு 108 திசையன்கள் கிடைக்கும். அதனால் வலையின் விறைப்பு பெருமளவு தளர்ந்துவிடுகிறது. ஒரே நீளமுள்ள இரண்டு வகைச் சங்கிலிகள் பிரியும் வெப்பநிலையைத் தேடுகிறீர்களா? இருக்கிற இடத்திலேயே ஒரு சங்கிலியை முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு மாற்றிப் பார்க்கும் அசைவை வைக்கலாம். நிஜ உலகில் அப்படி எதுவும் நடக்காது. ஆனால் ஒரு சங்கிலி பெட்டியின் அந்தப் பக்கம் வரை ஊர்ந்து போகும் காத்திருப்பு மொத்தமும் மிச்சமாகிறது. நேரத்துக்குச் செலவு செய்யாதீர்கள் என்றேனே, அது இதைத்தான்.

மறைமுகச் செலவுகள் இரண்டு. முதலாவது, தாழ்ந்த வெப்பநிலையில் உருண்டை மெல்ல மெல்லக் கனசதுரமாகும். அது பாலிமரின் குணம் கிடையாது, வலையின் குணம். ஆகவே உறைதல் பற்றிய கேள்வியை வலையில் கேட்கவே கூடாது. இரண்டாவது, அசைவுகளின் தேர்வு. சங்கிலியை ஒரு இடத்தில் பிடித்துத் திருப்பும் பிவட் அசைவு விரிந்த சுருளுக்கு அமிர்தம்; சுருண்ட உருண்டைக்குள் ஏறக்குறைய எல்லா முயற்சியும் நிராகரிக்கப்படும். வளர்க்கும் முறையிலும் ஆழ்ந்த குளிரில் எடைகள் தாறுமாறாகிவிடும்.

சுருள் சரிவதைப் பார்க்கும் பி.எஸ்சி., எம்.எஸ்சி. மாணவருக்கு, நான்கு மாத அவகாசம் என்றால், யோசிக்காமல் இதைச் சொல்வேன்.

## திறந்த வெளியில் வாங்–லாண்டாவ்

வலையைத் தூக்கி எறிந்துவிட்டு, மணிகளைத் தொடர்வெளியில் விட்டு, வெப்பநிலையையும் தூக்கி எறிந்துவிடும் முறை. ஃபுகாவோ வாங், டேவிட் லாண்டாவ் இருவரும் 2001இல் வெளியிட்டது. ஒவ்வொரு ஆற்றலிலும் எத்தனை உருவங்கள் உள்ளன என்ற எண்ணிக்கையையே நேராகத் தேடுகிறது. அடிக்கடி போன ஆற்றல்களுக்கு மீண்டும் போவதைக் கடினமாக்கி, போகாத இடங்களுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை கையில் வந்துவிட்டால் எந்த வெப்பநிலையிலும் வெப்பக் கொள்ளளவு, கட்டற்ற ஆற்றல் எல்லாம் ஒரு சிறு கூட்டல் கணக்கு. ஒரே ஓட்டம், எல்லா வெப்பநிலையும்.

ஒற்றைச் சங்கிலியின் முழு நிலைப்படம் வேண்டுமானால் இதற்கு நிகராக வேறொன்றையும் நான் சொல்லமாட்டேன். ஒரு உதாரணம் போதும். சதுரக் கிணறு மாதிரி: மணிகள் கெட்டியான கோளங்கள், விளிம்புக்கு வெளியே குறிப்பிட்ட தூரம் வரை மட்டும் ஒரே அளவு ஈர்ப்பு. 2009இல் மார்க் டெய்லர், வொல்ஃப்காங் பால், குர்ட் பிண்டர் மூவரும் இதை வாங்–லாண்டாவில் ஆராய்ந்தார்கள். கிணறு அகலமாக இருக்கும்போது சங்கிலி முதலில் உருண்டையாகி, பிறகு உறைகிறது, எதிர்பார்த்ததுதான். கிணற்றை மணியின் விட்டத்தைப் போல 1.05 மடங்கு அளவுக்குக் குறுக்கினால் நடுவிலிருக்கும் உருண்டை நிலையே காணாமல் போகிறது. விரிந்த சுருள் ஒரே தாவலில் உறைந்த நிலைக்குப் போகிறது. சிறிய புரதம் மடிவதைப் போன்ற 'ஒன்று முழுதாக, இல்லையேல் இல்லவே இல்லை' வகை மாற்றம், அமினோ அமில வரிசை எதுவும் இல்லாத, எல்லா மணியும் ஒன்றேயான சங்கிலியில்! எண்ணிக்கையின் மடக்கையை ஆற்றலுக்கு எதிராக வரைந்தால், வழக்கமாகக் கவிந்திருக்கவேண்டிய வளைகோட்டில் ஒரு இடத்தில் உட்குழிவு தெரியும். முதல் வகை மாற்றத்தின், அதாவது நீர் பனிக்கட்டியாவது போலத் தாவி நடக்கும் மாற்றத்தின், கைநாட்டு அது.

சதுரக் கிணற்றை எடுப்பதில் ஒரு நடைமுறை லாபமும் உண்டு. ஆற்றல் எப்போதும் முழு எண்ணாகவே வரும். பெட்டிகளாகப் பிரிக்கும் தலைவலி இல்லை. தூரத்தோடு படிப்படியாக மாறும் லென்னார்ட்-ஜோன்ஸ் ஈர்ப்பு என்றால் பெட்டி அகலத்தை நீங்களே தேர்ந்தெடுத்து, அதற்குக் காரணமும் சொல்லவேண்டியிருக்கும்.

இனி செலவு. மூலக்கோப்பைத் தரவிறக்கி ஓட்டும் வேலை இல்லை. புரோகிராமை நீங்கள்தான் எழுதவேண்டும். மிகத் தாழ்ந்த ஆற்றல்களுக்குப் போக, சங்கிலியின் பிணைப்பை ஓரிடத்தில் அறுத்து வேறிடத்தில் ஒட்டும் அசைவு அவசியம். அது இல்லாமல் உருண்டைக்குள் முடிச்சு விழுந்தது விழுந்தபடியே கிடக்கும். அடுத்தது, எப்போது நிறுத்துவது என்ற பிரச்சினை. எந்த ஆற்றலுக்கு எத்தனை முறை போனோம் என்ற வருகைப் பதிவு 80 சதவீதம் தட்டையானால், ஒவ்வொரு வருகையிலும் எண்ணிக்கையைப் பெருக்கும் திருத்தக் காரணியைக் குறைப்பது, அதன் மடக்கை பத்துக் கோடியில் ஒன்றாகும்வரை தொடர்வது என்பது வழக்கமான விதி. கேட்க எளிது. ஆனால் அபூர்வமான ஒரு தாழ்ஆற்றல் உருவம் மூன்று வாரம் கழித்துத் தலைகாட்டினால் மொத்தப் பதிவும் மறுபடி சாயும். எந்த ஆற்றலுக்குக் கீழே தேடமாட்டோம் என்று முன்கூட்டியே ஒரு தரை வைத்துக்கொண்டு, அதை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதிவிடுவதுதான் மானமுள்ள வழி.

புரோகிராம் எழுத வருமா என்ற சந்தேகம் இருந்தால், பல வெப்பநிலைகளில் ஒரே சமயத்தில் ஓட்டி அவ்வப்போது உருவங்களை இடம்மாற்றும் பிரதிப் பரிமாற்ற முறையைப் பார்க்கலாம். எழுத எளிது, ஒவ்வொரு பிரதியும் ஒரு கோரில் ஓடும். முதல் வகை மாற்றம் வரும் இடத்தில் மட்டும் பக்கத்துப் பிரதிகளின் ஆற்றல்கள் தொட்டுக்கொள்ளாமல் பரிமாற்றம் நின்றுபோகும். மேலே சொன்ன குறுகிய கிணறு அப்படிப்பட்ட இடம்.

## மணிச் சங்கிலி மூலக்கூறு இயக்கவியல்

எல்லாரும் முதலில் கை வைப்பது இதில்தான். லாம்ப்ஸ் இலவசம், ஆவணங்கள் ஏராளம், படம் அழகாக வரும், செமினாரில் ஓடவிட்டால் பின்வரிசையும் நிமிர்ந்து உட்காரும். கிரெமர், கிரெஸ்ட் இருவரும் 1990இல் வைத்த மாதிரி இன்றும் தரமான அளவுகோல்: மணிகளுக்கிடையே லென்னார்ட்-ஜோன்ஸ் விலக்கம், பிணைப்புக்கு ஃபெனி என்ற நீளும் வில், உருகிய நிலையில் அடர்த்தி 0.85, சராசரிப் பிணைப்பு நீளம் மணி விட்டத்தைப் போல 0.97 மடங்கு.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். லாம்ப்ஸோடு வரும் சோதனைக் கோப்புகளில் 100 மணிச் சங்கிலிகள், மொத்தம் 32,000 மணிகள் உள்ள ஒன்று இருக்கும். அதை எடுத்து, ஒரு சங்கிலியை மட்டும் வைத்துக்கொண்டு, வெப்பநிலையைக் குறைத்துக்கொண்டே போய், "சார், சரியவே மாட்டேன் என்கிறது" என்று வருவார்கள். சரியாது. அந்த மாதிரியில் லென்னார்ட்-ஜோன்ஸ் விசை 1.12 விட்டத் தூரத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. அதாவது ஈர்ப்புப் பகுதி முழுவதும் போய், விலக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஈர்ப்பே இல்லாத சங்கிலிக்கு வெப்பநிலை எதுவானாலும் கரைப்பான் நல்ல கரைப்பான்தான். வெட்டும் தூரத்தை 2.5க்குக் கொண்டுபோனால் ஈர்ப்பு திரும்பி வரும், சங்கிலி சரியும். ஒரே ஒரு எண்தான் வித்தியாசம். அதைக் கவனிக்காமல் இரண்டு மாதம் ஓட்டலாம்.

அடுத்தது காலம். நல்ல கரைப்பானில் ஒற்றைச் சங்கிலி தன் உருவத்தை மறக்க எடுக்கும் நேரம் நீளத்தின் சுமார் 2.2ஆம் அடுக்காக வளர்கிறது. நீளத்தை இரட்டித்தால் ஓய்வு நேரம் நாலரை மடங்கு. ஒரு படிக்கான வேலையும் இரட்டிக்கிறது. ஆக மொத்தம் ஒன்பது மடங்கு. சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும் உருகிய நிலையில் அடுக்கு சுமார் 3.4, ஓய்வு நேரம் மட்டுமே பத்து மடங்குக்கு மேல். குளிர்த்துக்கொண்டே போகும்போது ஒரு வெப்பநிலையிலும் சூடாக்கிக்கொண்டே வரும்போது வேறொரு வெப்பநிலையிலும் மாற்றம் தெரிந்தால், நீங்கள் அளந்தது நிலைமாற்றத்தை இல்லை, உங்கள் அவசரத்தை. இரு திசையிலும் ஓட்டிக் காட்டாத வரைபடத்தை எந்தத் தேர்வாளரும் நம்பவேண்டியதில்லை.

அப்படியானால் எப்போது இது? கேள்வியில் நேரம் இருக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டு. திடீரென்று குளிர்த்தால் சங்கிலி முழுதும் ஒரேயடியாகச் சுருங்காது. அங்கங்கே சிறு உருண்டைகள் கோத்த மாலையாகி, அவை ஒன்றையொன்று விழுங்கிப் பெரிதாகும். அந்த வழியையும் வேகத்தையும் மான்டி கார்லோ நம்பகமாகச் சொல்லாது. பாகுத்தன்மை, சங்கிலிகள் பின்னிக்கொள்ளும் சிக்கல், பாய்வில் நீளும் சங்கிலி, கண்ணாடி மாற்றம் எல்லாமே இதன் ராஜ்ஜியம்.

அணு அணுவாகவே போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். பினிபாம் என்கிற பாலிமர் தண்ணீரில் சுமார் 32 டிகிரி செல்சியஸில் சரிகிறது, அதுவும் சூடாக்கும்போது. அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத நம்மூர் ஆய்வுக்கூட மேஜையில் வைத்தால் அடுப்பே இல்லாமல் கலங்கிவிடும். கரைப்பானை மறைத்து வைத்த எளிய மணிச் சங்கிலியோ குளிர்த்தால்தான் சரியும். தண்ணீரின் ஹைட்ரஜன் பிணைப்புகளில்தான் இந்தத் தலைகீழ்க் குணம் ஒளிந்திருக்கிறது. ஆக பினிபாம்தான் தலைப்பு என்றால் தண்ணீரோடு அணுக்கணக்கில் போகத்தான் வேண்டும். குரோமாக்ஸ் என்கிற மென்பொருள் அதற்குச் சரி. அந்தக் கட்டாயம் இல்லாதபோது அணுக்களைச் சுமக்கவேண்டாம். 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் அணுக்களைக் கெட்டிக் கோளங்களாக மட்டும் எடுத்துக்கொண்டு, எவை முட்டிக்கொள்ளும் எவை முட்டாது என்று பார்த்தே புரதச் சங்கிலியின் அனுமதிக்கப்பட்ட கோணங்களை வரைந்தார்கள். அந்தப் படம் இன்றும் ஒவ்வொரு புரத அமைப்பையும் சரிபார்க்கப் பயன்படுகிறது.

## டிபிடி

ஹூகர்ப்ரூகே, கூல்மன் இருவரும் 1992இல் தொடங்கி, குரூட், வாரன் இருவரும் 1997இல் செப்பனிட்ட முறை. மணிகள் இங்கே மிருதுவானவை. ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்காரலாம். அதனால் படியின் கால அளவைப் பெரிதாக்கலாம், கரைப்பானையும் வெளிப்படையாக வைத்துக்கொள்ளலாம். பிளாக் கோபாலிமர், சோப்பு மாதிரியான மூலக்கூறுகள், ஜவ்வுகள் ஆகியவற்றின் அமைப்புகளைச் சீக்கிரம் காட்டும்.

கணக்கும் நேரானது. வழக்கமான அடர்த்தி 3, ஒரே வகை மணிகளுக்கிடையே விலக்கம் 25. வேறு வகைக்கு விலக்கத்தை எவ்வளவு கூட்டுகிறீர்களோ அதை 0.286ஆல் பெருக்கினால், இரண்டு வகையும் எவ்வளவு ஒட்டாதவை என்று சொல்லும் ஃப்ளோரி–ஹக்கின்ஸ் அளவை கிடைக்கும். இரண்டு வகையும் ஐந்தைந்தாக உள்ள பத்து மணிச் சீர் டைபிளாக் ஒன்றை எடுங்கள். அடுத்த பகுதியில் வரும் சராசரிப் புலக் கணக்குப்படி அளவையையும் நீளத்தையும் பெருக்கினால் 10.5 வரும்போது அடுக்குகள் தோன்றவேண்டும். அதாவது கூடுதல் விலக்கம் சுமார் 3.7. அதை வைத்து ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் அடுக்காகாது. இவ்வளவு குட்டையான சங்கிலியில் ஏற்ற இறக்கங்கள் ஒழுங்கைக் கலைத்துக்கொண்டே இருக்கும். அதைவிட நன்றாகவே கூட்டவேண்டும்.

செலவுகள்? இடியாப்ப இழைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வெளியே போகும் என்றால் சிக்கல் எங்கிருந்து வரும்? டிபிடி சங்கிலிகள் அப்படித்தான். ஆகவே சிக்குண்ட பாலிமரின் இயக்கத்தை இதில் அளக்கக்கூடாது. இன்னொன்று பெட்டி. அடுக்குகளின் இடைவெளி பெட்டியின் பக்கத்துக்குள் முழு எண்ணாக அடங்காவிட்டால் அடுக்குகள் சாய்ந்து நிற்கும், அல்லது இல்லாத அமைப்பொன்று இருப்பது போலக் காட்டும். குறைந்தது மூன்று பெட்டி அளவுகளில் அதே அமைப்பு வரவேண்டும்.

## தன்னிசைவுப் புலக் கோட்பாடு

சங்கிலிகளையே எண்ணாமல், ஒரு சங்கிலி மற்றவை எல்லாம் சேர்ந்து உண்டாக்கும் சராசரிப் புலத்தில் எப்படிக் கிடக்கும் என்று சமன்பாடு போட்டு, புலமும் அடர்த்தியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்வரை திருப்பித் திருப்பித் தீர்ப்பது. எட்வர்ட்ஸ் 1965இல் போட்ட விதை. மாட்சன், ஷிக் இருவரும் 1994இல் டைபிளாக் கோபாலிமரின் அடுக்கு, உருளை, கோளம், நடுவில் புகுந்த, முப்பரிமாண வலை போன்ற கைராய்டு எல்லாவற்றையும் ஒரே படத்தில் இதன் மூலம் வைத்தார்கள்.

வேகத்தில் இதை எதுவும் நெருங்காது. மற்ற முறைகளில் வாரக்கணக்கில் ஆவது இங்கே லேப்டாப்பில் நிமிடங்கள். சரிபார்க்கும் எண்ணும் தயாராக உள்ளது: சீர் டைபிளாக்குக்கு லைப்ளர் 1980இல் கணக்கிட்ட 10.495.

ஆனால் அந்த எண் முடிவிலா நீளச் சங்கிலிக்கானது. ஃப்ரெட்ரிக்சன், ஹெல்ஃபண்ட் இருவரும் 1987இல் ஏற்ற இறக்கங்களைச் சேர்த்தபோது எல்லை மேலே நகர்ந்தது. சங்கிலிகள் ஒன்றோடொன்று எவ்வளவு புகுந்து கிடக்கின்றன என்பதைக் குறிக்கும் அளவை 10,000 என்றால் எல்லை சுமார் 12.4, 1000 என்றால் 14.6. இன்னொரு குறை: எந்தெந்த அமைப்புகளை ஒப்பிடவேண்டும் என்று நீங்கள்தான் கொடுக்கவேண்டும். பட்டியலில் இல்லாத அமைப்பு விடையிலும் வராது. ஒற்றைச் சங்கிலியின் சரிவுக்கு இந்த முறை பக்கமே வராதீர்கள்.

## சென்னைக் கணக்கு

ரிச்சி தெருவில் ஒரு ஜிபியு கார்டின் விலையைக் கேட்டு வருவதோடு கணக்கு முடிவதில்லை. 400 வாட் இழுக்கும் ஒரு பெட்டியை இரவும் பகலும் ஓட்டினால் நாளைக்கு 9.6 யூனிட், இரண்டு மாத பில்லில் 576 யூனிட். வீட்டு மின்கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் அடுக்கே மாறிவிடும். ஃப்ரிட்ஜும் மின்விசிறியும் ஏற்கெனவே எடுப்பது தனி. மே மாதத்தில் அந்தப் பெட்டி இருக்கும் அறையில் ஆள் உட்கார முடியாது. லேப்டாப் என்றால் சூடு தாங்காமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இந்த வகையில் மூலக்கூறு இயக்கவியல்தான் பெருந்தீனி. மான்டி கார்லோ ஒற்றைக் கோரில் சத்தமில்லாமல் ஓடும்.

மின்வெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. புராஜெக்ட் காலமும் புயல் காலமும் நம்மூரில் ஒன்றாகவே வருகின்றன. எந்த முறையானாலும் மீள்தொடக்கக் கோப்பை அடிக்கடி எழுதுங்கள். வாங்–லாண்டாவில் எண்ணிக்கைப் பட்டியல், வருகைப் பதிவு, திருத்தக் காரணி, ரேண்டம் எண்ணின் நிலை ஆகிய நான்கும் சேர்ந்து சேமிக்கப்படவேண்டும். லாம்ப்ஸில் இது ஒரு வரி. இலவச மேகக் கணினிகளும் பாதியில் கழற்றிவிடும் பழக்கமுள்ளவை. கைடு மூலம் திருச்சி என்.ஐ.டி.யின் பரம் பொருள் போன்ற தேசியச் சூப்பர் கணினியில் இடம் கிடைத்தால் நல்லது. வரிசையில் காத்திருக்கும் நாள்களையும் அட்டவணையில் போட்டுக்கொள்ளுங்கள்.

## கேள்வி இதுவானால்

| உங்கள் கேள்வி | முறை | முதலில் சரிபார்க்க |
|---|---|---|
| ஒற்றைச் சுருள் எங்கே சரிகிறது | வலைப்பின்னல் மான்டி கார்லோ | 6, 30, 150, 726, பிறகு 3.717 |
| சரிவு, உறைதல் இரண்டும். முழு நிலைப்படம் | வாங்–லாண்டாவ் | சில மணிச் சங்கிலியின் கைக்கணக்கு |
| சரியும் வேகமும் வழியும். சிக்கல், பாய்வு | மணிச் சங்கிலி இயக்கவியல் | ஈர்ப்பற்ற சங்கிலியில் அடுக்கு 0.588, பிணைப்பு 0.97 |
| இரண்டு பாலிமர் பிரியும் வெப்பநிலை | பிணைப்பு அலைவு மாதிரி, வகைமாற்ற அசைவுடன் | ஃப்ளோரி–ஹக்கின்ஸ் அளவை × நீளம் = 2, ஒப்பீட்டுக்கு |
| கரைப்பானோடு கோபாலிமர் அமைப்புகள் | டிபிடி | மூன்று பெட்டி அளவுகள் |
| டைபிளாக் நிலைப்படம், வேகமாக | தன்னிசைவுப் புலம் | 10.495 |

ஒரு விஷயம் எல்லா வரிசைக்கும் பொது. நூறு மணிச் சங்கிலியில் வெப்பக் கொள்ளளவு உச்சம் தெரியும் வெப்பநிலை தீட்டா வெப்பநிலை ஆகாது. அது கீழேதான் இருக்கும். நீளம் கூடக் கூட, நீளத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில், மிக மெதுவாக மேலேறும். குறைந்தது நான்கு நீளங்களில் ஓட்டி முடிவிலாவுக்கு நீட்டிப் பார்க்க அவகாசம் ஒதுக்குங்கள். அவகாசம் போதாது என்றால் முறையை மாற்றுவதைவிடச் சங்கிலியைக் குட்டையாக்கி, தலைப்பில் "சிறு சங்கிலிகளில்" என்று சேர்த்துவிடுங்கள்.

இரண்டு முறைகளைக் கலந்து செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பிஎச்.டி. என்றால் தாராளமாக: எல்லையை மான்டி கார்லோவில் கண்டுபிடித்து, அந்த எல்லைக்குக் குறுக்கே சட்டென்று குளிர்த்து இயக்கவியலில் வேகத்தை அளக்கலாம். ஒரு செமஸ்டர் புராஜெக்ட் என்றால் ஒன்றே போதும். செமினாருக்குப் படம் ஓட்டியே ஆகவேண்டும் என்று கைடு சொன்னால், மான்டி கார்லோவில் கிடைத்த சில உருவங்களைச் சேமித்து வரிசையாகக் காட்டுங்கள். கீழே ஒரு வரி மட்டும் எழுத மறக்காதீர்கள்: இந்த வரிசை காலவரிசை கிடையாது.